உள்பக்கத்தைத் திருப்பிப் பார், மாப்பிள்ளை

கீழக்கரை,
ஆடி மாதம்.

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் மகளுக்கு, என் மருமகளுக்கு, எடின்பரோவில் படிக்க இடம் கிடைத்துவிட்டது என்ற வரியை மூன்று முறை படித்தேன். எமனேசுவரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து படித்த பிள்ளை செப்டம்பரில் ஸ்காட்லாந்து போகிறாள்! கடைப் பையன்கள் எல்லாருக்கும் சொல்லி மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

இங்கே சோழகம் இன்னும் தணியவில்லை. காற்று மணலை வாரிக் கடைக்குள் கொட்டுகிறது. வெள்ளைத் துணி வெட்டுவதென்றால் காலை ஏழு மணிக்குள் வெட்டி முடிக்க வேண்டியிருக்கிறது. தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதியோடு முடிந்தும் மீன் விலை இறங்கவில்லை. என் முழங்கால் பரவாயில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நகையை அடகு வைத்துச் சென்னையில் இரண்டு கம்பளிக் கோட்டு வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். போன குளிர்காலம் முழுவதும் அதே ஊரில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்தவன் சொல்கிறேன். அந்தப் பணத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பு. போகிற அன்று போட்டுக்கொள்ள ஒரு ஸ்வெட்டர் போதும். மற்றதை அவள் அங்கே போய், பழைய துணிக் கடையில் வாங்கிக்கொள்ளட்டும்.

பழைய துணி என்றதும் உன் வீட்டுத் தங்கச்சியின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எடின்பரோவில் ஸ்டாக்பிரிட்ஜ் என்று ஒரு பகுதி. அங்கே ரேபர்ன் பிளேஸ் என்ற தெருவில் இப்படிப்பட்ட கடைகள் வரிசையாக இருக்கின்றன. அறக்கட்டளைகள் நடத்துபவை. மக்கள் தங்கள் நல்ல துணிகளைச் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறார்கள்; விற்ற பணம் தர்மத்துக்குப் போகிறது. வறுமை ஒழிப்புக்காக உழைக்கும் ஆக்ஸ்பாம் அமைப்பு 1940களின் கடைசியில் ஆக்ஸ்போர்டு நகரின் பிராட் தெருவில் திறந்த கடை இவற்றில் பழைய, பெயர்பெற்ற கடைகளில் ஒன்று. வசதியானவர்கள் வாழும் பகுதியில் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும், ஏனென்றால் அந்தத் தெருக்காரர்களின் அலமாரிதான் அங்கே வந்து தொங்குகிறது. இது தவிர, கமிஷன் கடைகளும் உண்டு. அங்கே துணி விற்றால்தான் கொடுத்தவருக்குப் பணம். ஏறக்குறைய பாதி கடைக்காரருக்கு. பெரிய பெயருள்ள உடுப்புகள் அங்கே அதிகம், விலையும் அதிகம். பிள்ளைக்கு அறக்கட்டளைக் கடையே போதும்.

முதல் நாள் மகனுக்குத் துணையாகத்தான் போனேன். நாற்பது வருடம் தைத்தவனின் கை சும்மா இருக்குமா? ஒரு கோட்டை எடுத்து உள்பக்கம் திருப்பினேன். அதன்பிறகு பிற்பகல் முழுவதும் அங்கேயே நின்றேன்.

மாப்பிள்ளை, நல்ல தையல்காரனுடைய வேலை உள்பக்கத்தில்தான் இருக்கும். லைனிங்கை, அதாவது உள்துணியை, தளர்வாக, முதுகு நடுவில் ஒரு மடிப்பு விட்டுத் தைத்திருப்பான். கை நுனியிலும் அடியிலும் இரண்டு விரல் துணி உள்ளே விட்டிருப்பான், பின்னால் பிரித்து நீட்டுவதற்காக. கட்டம் போட்ட துணியானால் பக்கத் தையலில் கட்டமும் கட்டமும் பிசகாமல் சந்திக்கும். அப்படிச் சந்திக்க வைக்கத் துணி கூடுதலாகச் செலவாகும், அதனால் மலிவாகத் தைப்பவன் செய்யமாட்டான். மார்புப் பகுதியைக் கிள்ளிப் பார்த்தால் மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று தனியாக நழுவும். அது தைத்து வைத்த கேன்வாஸ் என்ற முரட்டுத் துணி. பசை போட்டு ஒட்டியதானால் நழுவாது, நாளடைவில் கொப்பளிக்கும். காஜாவை, அதாவது பட்டன் துளையை, கையால் எடுத்திருந்தால் அதன் பின்பக்கம் கொஞ்சம் ஒழுங்கற்று இருக்கும். பட்டனைக் கன்னத்தில் வைத்துப் பார். முத்துச்சிப்பியின் ஓட்டில் கடைந்ததென்றால் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. சங்கும் சிப்பியும் குவிந்த கரையில் பிறந்த எனக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது.

கழுத்தில் உள்ள பெயர்ச்சீட்டைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். அதைப் பிரித்து வேறொன்றில் தைப்பது எனக்கு ஐந்து நிமிட வேலை. ஏமாற்ற நினைப்பவனுக்கும் அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொரு சின்னச் சீட்டு இருக்கும், எத்தனை பங்கு கம்பளி, எத்தனை பங்கு பாலியஸ்டர் என்று. மருமகள் அதை முதலில் படிக்கட்டும். அங்கே விழும் மழைக்கும் காற்றுக்கும் கம்பளிதான் சரி.

ஒருநாள் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு கோட்டு கையில் வந்தது. ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி. முப்பது வருடத்துக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும், முழங்கை கூடத் தேயவில்லை. உள்ளே உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரைச் சீட்டு. அந்தத் துணியைப் பற்றி மகன் சொல்லச் சொல்ல எனக்கு உன் நினைவுதான் வந்தது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே அவுட்டர் ஹெப்ரிடீஸ் என்று தீவுகள். அங்கே வாழ்பவர்கள், தங்கள் வீட்டிலேயே, கைத்தறியில் நெய்தால்தான் அந்தப் பெயரை வைக்க முடியும். 1993ல் பிரிட்டன் பாராளுமன்றத்தில் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கிறார்கள். கம்பளிக்கு முதலில் சாயம் ஏற்றி, பல நிறங்களைக் கலந்து, பிறகுதான் நூற்கிறார்கள். பச்சை என்று நாம் பார்க்கிற ஒரே இழைக்குள் மஞ்சளும் நீலமும் பழுப்பும் கிடக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தேன். கைத்தறிக்கு நம்மிடமும் 1985ல் சட்டம் வந்தது. ஆனாலும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்பதைப் பார்த்து நீ எத்தனை முறை மனம் வெந்திருப்பாய்!

முப்பத்தைந்து பவுண்டு கொடுத்து வாங்கிவிட்டேன். கீழக்கரை வெயிலில் யாரும் போட முடியாது. பையன்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கக் கடையில் தொங்கவிட்டிருக்கிறேன்.

இப்போது தங்கச்சிக்கு. யாரோ உடுத்தியது, யார் வீட்டில் செத்தவருடையதோ என்றுதானே யோசிப்பாள்? சில துணிகள் அப்படித்தான், மறைக்கமாட்டேன். ஒரு மூதாட்டி தன் கணவரின் கோட்டுகளை மடித்துக் கொண்டுவந்து கொடுத்ததை நானே பார்த்தேன். எல்லாப் பட்டனையும் போட்டுவிட்டுத்தான் கொடுத்தார். ஆனால் நம் வீடுகளில் பிறந்த பிள்ளையின் உடம்பில் முதலில் படுவது எது? தாத்தாவின் பழைய வேட்டிதானே. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணியை நம் ஆட்கள் ஒருநாளும் தீட்டு என்று ஒதுக்கியதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மாமா, உன் அப்பா, தன் தறியிலேயே அத்தைக்காக நெய்த அந்த அரக்குப் பட்டு நினைவிருக்கிறதா? அத்தை போன பிறகு, அதை ஜரிகைக்காக எடைபோட்டு வாங்குகிறவரிடம் கொடுத்தீர்கள். அப்போது எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம், யாரையும் குறை சொல்ல முடியாது. துணியை எரித்து வெள்ளியை எடுப்பார்கள். எத்தனை நாள் இரவில் உட்கார்ந்து மாமா உடலையும் கரையையும் இணைத்துக் கோர்வை போட்டாரோ, அது அத்தனையும் ஒரு பிடி சாம்பல். மறுநாள் நீ தறிக்குழியில் இறங்கவில்லை. உடம்பு சரியில்லை என்றாய். நான் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கடையில் நின்றபோது, அந்தச் சேலை யாருடைய உடம்பிலாவது இன்னும் இருந்திருக்கலாமே என்று தோன்றி நெஞ்சு அடைத்தது. உடுத்தியவர் போய்விட்டதால் நெய்தவரின் உழைப்பும் போய்விட வேண்டும் என்று என்ன இருக்கிறது?

மருமகளுக்குச் சில எச்சரிக்கைகள் மட்டும். தோள் சரியாக உட்காராத கோட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிட வேண்டும். இடுப்பையும் கையையும் பிரித்துத் தைத்துவிடலாம், தோளைத் தொட்டால் கோட்டே போய்விடும். கம்பளியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பூச்சி அரித்த ஓட்டை தெரியும். அக்குளையும் கழுத்துப் பட்டையையும் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனதும் பையில் இறுகக் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பூச்சி முட்டை செத்துவிடும். பழைய உடுப்பில் எழுதியிருக்கும் அளவு எண்ணை நம்பக்கூடாது. டேப் கையில் இருக்க வேண்டும். என்னுடைய டேப்பையே கொடுத்தனுப்புகிறேன்.

அதனால் அவள் கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வாருங்கள். ராமநாதபுரத்தில் இறங்கிக் கீழக்கரை பஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். தங்கச்சிக்கு எங்கள் ஊர் இனிப்பு, தொதல், வாங்கி வைக்கிறேன். மருமகளை அந்தக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தி, உள்பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். நீ உன் இழை எண்ணும் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வா. பாவில் எத்தனை, ஊடையில் எத்தனை என்று நீ எண்ணிச் சொல்லி நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை