ஞாயிறு கூட்டம் 4 மணிக்கு, மறந்துடாதீங்க

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி தெப்பக்குளத்துக்கிட்ட வழக்கமா கூடுற அதே மாடிதான். இந்தத் தடவ கிளிநொச்சிலேந்து வந்திருக்கற அக்கா பேசுறாங்க, ஹாலோ டிரஸ்ட்ங்கற கண்ணிவெடி அகற்றுற அமைப்புல சேந்து முகமாலைங்கற ஊர்ல வெடி எடுத்தவங்க. இலங்கைல சண்டை 2009லயே முடிஞ்சுது ஆனா மண்ணுக்குள்ள வெடி அப்படியே கெடந்துச்சு, குண்டுச் சிதறல் நெறைய கெடக்கறதால மெட்டல் டிடெக்டர் எதுக்கெடுத்தாலும் கத்துமாம், அப்பறம் மண்டிபோட்டு வாரியால மண்ண கொஞ்சம் கொஞ்சமா இழுத்துதான் பாக்கணுமாம். நாம நடவுக்கு ஆள் கெடைக்கலன்னு பொலம்புறோம், அங்க சொந்த வயல்ல கால் வைக்கவே வருஷக்கணக்கா காத்திருந்திருக்காங்க.

வர்றவங்க சனிக்கிழமைக்குள்ள பேர் போடுங்க, சுண்டலுக்கு அளவு தெரியணும், போன தடவ பத்தல. அவங்கள போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீங்க ப்ளீஸ், அவங்களே கேட்டுக்கிட்டாங்க.