தரம் 6, 7க்கு மிஞ்சிய பாடவேளைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இடைநிலை வகுப்பு ஆசிரியருக்குத் தான் படிப்பிக்கும் பாடத்தில் தனிப் பயிற்சி அவசியமா என்று கேட்பவர்கள், பக்கத்திலுள்ள ஏதாவதொரு பாடசாலையின் நேரசூசியை ஒருதரம் பார்க்கட்டும். கணிதமும் விஞ்ஞானமும் தெரிந்தவருக்குத் தரம் 10, 11 போய்விடும். யாருக்குப் பாடவேளை குறைகிறதோ அவர் தலையில் தரம் 6, 7 கணிதம் விழும். தரம் 5இல் புலமைப்பரிசில், தரம் 11இல் சாதாரண தரம். இடையில் வெளியார் கண்ணில் படும் பரீட்சை ஒன்றும் இல்லை. வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கத்துச் சிறிய பாடசாலைகளில் ஆளே போதாதபோது அதிபரை நோவதிலும் பயனில்லை.

“தரம் 6 கணிதம் யாருக்குத்தான் தெரியாது?” என்பார்கள். தெரியும்தான். தெரிந்திருப்பது வேறு, பிள்ளை எங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே அறிந்திருப்பது வேறு. தரம் 8 கொப்பிகளில் −3 − 5 = 8 என்று காணலாம். ‘கழித்தலும் கழித்தலும் கூட்டல்’ என்ற விதி பெருக்கலுக்கு உரியது என்று யாரும் பிரித்துச் சொல்லாததால், பிள்ளை அதைக் கண்ட இடமெல்லாம் போடுகிறது. ஓர் எண்ணின் மும்மடங்கு 12 என்றால் அந்த எண் 9 என்று எழுதுவதும் இதே வகைதான். ‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்று படித்த பிள்ளை 12இலிருந்து 3ஐக் கழித்துவிடுகிறது. பயிற்சி உள்ளவர் தராசில் தொடங்கி, இரு பக்கத்தையும் 3ஆல் வகுக்கப் பழக்கி, குறுக்குவழியைப் பிறகுதான் காட்டுவார். தசமத்தில் எது பெரிது என்று கேட்கும்போதும் 0.3, 0.5 என்று கொடுக்கமாட்டார். அதை எல்லாரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். 0.35, 0.4 என்று கொடுப்பார். 35 பெரிது என்று நினைக்கும் பிள்ளை அங்கே பிடிபடும்.

விஞ்ஞானத்தில் ஆபத்தும் சேர்கிறது. இலையில் மாப்பொருள் உண்டா என்று பார்க்கும் சோதனையை எடுங்கள். வெளிச்சத்தில் நின்ற செடியோடு ஒப்பிடுவதற்கான சாடிச்செடியை முதலில் இரண்டு நாள் இருட்டில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய மாப்பொருளே நிறம் காட்டும். இலையை ஓரிரு நிமிடம் கொதிநீரில் இட்டு, பின் மதுசாரத்தில் பச்சையத்தை நீக்க வேண்டும். அந்த மதுசாரத்தை நேரே சுவாலையில் சூடாக்கினால் தீப்பிடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, சுடுநீர் உள்ள முகவையில், மதுசாரமும் இலையும் உள்ள கொதிகுழாயை நிறுத்துவதே முறை. வெளிறிய இலை நொறுங்கும். சுடுநீரில் தோய்த்து இளக்கியபின் வெள்ளை ஓட்டில் விரிக்க வேண்டும். மாப்பொருளைக் கருநீலமாக்கிக் காட்டும் அயடீனைப் பிளேன்ரீ நிறத்துக்கு ஐதாக்காவிட்டால் மாப்பொருள் இல்லாத இலையும் கறுப்பாகத் தெரியும். நமது மார்கழி மப்பில் வெளிச்சம் குறைந்து முடிவு மங்கலாக வரலாம். இதெல்லாம் கையால் செய்து பார்த்தவருக்குத்தான் பிடிபடும். செய்து பாராதவர் படத்தைக் கரும்பலகையில் வரைந்து முடித்துவிடுவார். தீ விபத்துக்கு அதுவே மேல் என்றும் சொல்லலாம்!

பட்டம் இருந்தால் போதும் என்பதையும் ஏற்க முடியாது. பட்டப்பின் கல்வி டிப்ளோமா கற்பித்தல் முறையையும் உளவியலையும் தரும். வரலாற்றுப் பட்டதாரியை அது விஞ்ஞான ஆசிரியராக்காது. தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறு பயில்வு என்ற கற்பித்தல் பயிற்சியை முடித்தவர், தன் பாடத்தைப் பொறுத்தவரை ஆயத்தமாகவே வருகிறார். அவரிடமும் வேறு பாடத்தைக் கொடுத்தால் அந்த மூன்று வருடமும் வீண்.

ஏற்கெனவே பாடம் மாறிப் படிப்பிப்பவர்களுக்கு ஆசிரியர் மத்திய நிலையங்களில் தவணை விடுமுறையில் ஐந்து நாள் ஒதுக்கினால் நல்ல தொடக்கம். மேடைப் பேச்சும் விரிவுரையும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் அலகு: காலையில் பிள்ளைகளின் பிழை விடைகளை மேசையில் பரப்பிக் காரணம் தேடுவது, பிறகு அந்த அலகின் செய்முறைகளை ஒவ்வொருவரும் தாமே செய்வது. ஆசிரிய ஆலோசகர் அடுத்த தவணையில் வகுப்புக்கு வந்து பார்க்க வேண்டும். வராவிட்டால் அதுவும் இன்னொரு சான்றிதழ்ச் செயலமர்வுதான்.

அப்படிப் பயின்றவரை மூன்று வருடமாவது அதே பாடத்தில் விடவேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் நேரசூசி போடும் அதிபர், அவர் பெயருக்கு நேரே தரம் 6, 7ஐ முதலில் எழுதிவிட்டுத் தரம் 11க்குப் போகட்டும்.

இடைநிலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.