கோத்தகிரியிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. காலையில் விரல் மடங்காத குளிர், அதனால்தான் தாமதம். பச்சைத் தேயிலை விலை வழக்கம்போல ஏமாற்றுகிறது. முட்டைக்கோஸ் பாத்தியைக் காட்டெருமைகள் ஒரே இரவில் காலி செய்துவிட்டன. சரி, இதெல்லாம் உனக்குப் பழைய கதை.

வெளிநாட்டு அரசுகள் ஃபேஸ்புக்கில் பொய் பரப்பித் தேர்தலையே புரட்டிவிடுகின்றன என்று எழுதியிருந்தாய். வெறும் பொய் என்று நினைத்தால் அவர்கள் செய்யும் வேலை பிடிபடாது. 2016 மே 21 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால் ஒரு கூட்டம், டெக்சாஸ் இஸ்லாமியமயமாகிறது என்று கோஷம் போட்டது. எதிர்ப்பக்கம் அதைக் கண்டித்து இன்னொரு கூட்டம். முதலாவதைக் கூட்டியது ‘ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்’ என்ற ஃபேஸ்புக் பக்கம். மற்றதைக் கூட்டியது ‘யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா’. இரண்டு பக்கங்களையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த, போலிக் கணக்குகளையே தொழிலாக நடத்திய இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி! ஆன செலவு சுமார் 200 டாலர்தான் என்றார் விசாரித்த செனட் குழுவின் தலைவர். நம் ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட்டும் சீரியல் லைட்டும் போட்டாலே அதைவிடக் கூட வரும்.

அந்த வெறுப்பை ரஷ்யாக்காரன் கொண்டுபோய் இறக்கவில்லை, அது அங்கேயே இருந்தது. இரு தரப்புக்கும் நாளும் இடமும் குறித்துக் கொடுத்தான், அவ்வளவுதான். அந்த ஏஜென்சியைத் தொடங்கியது தான்தான் என்று வாக்னர் கூலிப்படைத் தலைவர் பிரிகோஷின் 2023இல் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார்.

ஆனால் தேர்தல் புரண்டது என்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது. 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்து ரஷ்ய ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வந்த ஆய்வு, அவற்றைப் பார்த்ததால் ஓட்டு மாறியதாகத் தெரியவில்லை என்றது. அவற்றை அதிகம் பார்த்தவர்கள் ஏற்கெனவே ஒரு பக்கம் உறுதியாகச் சாய்ந்தவர்கள். ட்விட்டரை மட்டும் பார்த்த ஆய்வுதான், ஆனாலும் யோசித்துப் பார்.

அப்புறம், ரஷ்யாவை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. கொரோனா சமயத்தில், சீனாவின் சினோவாக் தடுப்பூசியை நம்பாதீர்கள் என்று பிலிப்பைன்ஸ்காரர்கள் பேரில் போலிக் கணக்குகளிலிருந்து எழுதியது அமெரிக்க ராணுவம். 2024இல் ராய்ட்டர்ஸ் அதை வெளியே கொண்டுவந்தது. எனக்கு ஆறவே ஆறாதது இதுதான். ஓட்டை அடுத்த தேர்தலில் மாற்றிப் போடலாம். ஊசி வேண்டாமென்று இருந்துவிட்ட கிழவிக்கு அடுத்த முறை ஏது?

நம் நாடும் இதில் பழைய களம்தான். எய்ட்ஸ் கிருமியை அமெரிக்கா ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியது என்ற கட்டுக்கதையை 1983இல் சோவியத் உளவு அமைப்பான கேஜிபி முதலில் அச்சேற்றியது டெல்லியில், ‘பேட்ரியாட்’ நாளிதழில். அப்போது அது உலகம் சுற்றிவரச் சில வருஷம் பிடித்தது. இப்போது அதற்கு ஒரு பொழுது போதும்.

மிச்சச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். பொங்கலுக்குப் பிறகு வருகிறாய் அல்லவா? இ-பாஸ் எடுத்துக்கொள், குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் கேட்பார்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். தங்கச்சியையும் அழைத்து வா. இவள் விசாரித்துக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
போஜன்