கடைசிப் பந்துக்கு முன்னால் கிளம்பும் பேப்பர்

செங்கோட்டை
ஞாயிறு மதியம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ போனில் அழுதபோது எனக்குப் பேச்சே வரவில்லை. "சரி மக்கா, முதல்ல சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க மனசு கேட்கவில்லை. பேசினால் மறுபடியும் திணறுவேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உன் கிரிக்கெட் கட்டுரையை இந்த ஊரில் முதலில் பார்த்தவன் நான்தான். நேற்று விடிகாலை 4 மணிக்குத் திருநெல்வேலி பேப்பர் வண்டி வந்தது. சாரல் பிடித்துவிட்டதால் கட்டுகளைப் பாலிதீன் சுற்றி இறக்கினார்கள். பட்டையை அறுத்து, எப்போதும்போல விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்தேன். மை கட்டைவிரலில் ஒட்டியது. தலைப்பு சரி. முதல் பத்தி, கடைசி ஓவரில் கிடைத்த வெற்றி, அதுவும் சரி. ஆறாவது பத்திக்கு வந்தால், 18-வது ஓவரைச் சுழற்பந்து வீச்சாளரிடம் கொடுத்த கேப்டனின் முடிவே தோல்விக்குக் காரணம் என்று இருக்கிறது. மேலே ஜெயித்த அணி கீழே தோற்றுக் கிடந்தது. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து இன்னொரு தடவை படித்தேன். எழுத்து மாறவில்லை.

எப்படி நடந்தது என்று நீயே சொன்னாய். ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று நினைத்துத் தோல்விக் கட்டுரையை முழுக்க டைப் அடித்து வைத்திருந்தாய். பக்கத்தை அச்சுக்கு விடச் சொல்லி ஆபீஸ் டெஸ்க்கிலிருந்து விடாமல் போன். அந்த நேரத்தில் ஆட்டம் திரும்பியது. மேல் இரண்டு பத்தியை மாற்றி அனுப்பிவிட்டு, கீழே இருந்ததை மறந்துவிட்டாய். அடுத்த பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள் என்றும் சொன்னாய்.

அந்த அடுத்த பதிப்பு இங்கே வராதும்மா. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தூரத்து ஊருக்குப் போகிற பேப்பர்தான் முதலில் அச்சாகும், முதலில் கிளம்பும். ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி என்று இறக்கிக்கொண்டே வந்து கடைசியில் நம்ம பஸ் ஸ்டாண்டு. இங்கிருந்தும் இரண்டு சின்னக் கட்டு புனலூர் பஸ்ஸில் ஏறி, புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை போகிறது. எஸ்டேட்டில் இருக்கிற நம்ம ஜனங்கள் அதைத்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கு உன் முதல் பதிப்புதான் ஒரே பதிப்பு.

பிரானூர் மர அறுவை மில்லில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர், உனக்குத் தெரியும், ஒண்ணாம் தேதி தவறாமல் பணம் தருகிறவர். அவரிடம் டச் போன் கிடையாது, ராத்திரி 9 மணிக்குத் தூங்கிவிடுவார். நேற்று 7 மணிக்குப் பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். அந்த ஆறாவது பத்தியில் விரல். குறை சொல்ல வரவில்லை. "அண்ணாச்சி, யாருதான் ஜெயிச்சா?" என்று கேட்டார். நான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எழுதியது நீ என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 2023 ஐபிஎல் இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை மழையில் போய், மே 29 திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். குஜராத் 214. சென்னை ஆடத் தொடங்கி மூன்றே பந்தில் மறுபடி மழை. நள்ளிரவுக்கு மேல் 15 ஓவர், 171 ரன் என்று இலக்கை மாற்றினார்கள். தோனி முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும், ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. மணி ஒன்றரை தாண்டிவிட்டது. தோனி அவுட் ஆனதும் "ஏமாற்றத்தோடு முடிந்தது" என்று எத்தனை பேர் டைப் அடித்திருப்பார்களோ, எத்தனை பேர் அவசரமாக அழித்தார்களோ.

அன்று காலை நம்மூருக்கு வந்த கட்டில் முடிவு இல்லை. ஆனால் ஒரு பேப்பரில் குஜராத்தின் சாய் சுதர்சன் ஆடியதை ஒருவர் ரசித்து எழுதியிருந்தார். 47 பந்தில் 96, நம்ம சென்னைப் பையன் சென்னைக்கு எதிராக. எந்தப் பந்தை எப்படி அடித்தான், எங்கே ஆட்டம் வேகம் பிடித்தது, எல்லாம் இருந்தது. விடிய விடிய டிவி பார்த்தவன்கூட டீக்கடையில் நின்று அதைப் படித்தான். பிறகு சென்னை ஜெயித்தாலும் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அவன் அடித்தது அடித்ததுதானே.

2022 மே மாதம் மஞ்சேரியில் சந்தோஷ் டிராபி கால்பந்து இறுதி ஆட்டமும் அப்படித்தான். கூடுதல் நேரத்தில் வங்காளம் ஒரு கோல் போட்டுவிட்டது. முடிய சில நிமிடம் இருக்கும்போது கேரளா திருப்பிப் போட்டு, பெனால்டியில் 5-4 என்று ஜெயித்தது. புனலூர் பஸ் டிரைவர் சேட்டன் அந்தக் கதையை ஒரு வாரம் சொன்னார்.

அதனால் என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். நடந்தது வேறு, ஏன் நடந்தது என்று நாம் சொல்வது வேறு. நடந்ததை எவ்வளவு சீக்கிரம் வேண்டுமானாலும் எழுதி வை. ஏன் தோற்றார்கள், யார் மேல் தப்பு என்பதைக் கடைசிப் பந்து விழும்வரை எழுதாதே. விழுந்த பிறகு நேரம் இல்லையென்றால் அந்தப் பத்தி இல்லாமலே போகட்டும், பிரானூர்க்காரர் அதைத் தேட மாட்டார். அந்தக் கேப்டன் ஜெயித்துவிட்டதால் தப்பு நமக்குத் தெரிந்தது. தோற்றிருந்தால் அவன் தலையில் போட்ட பழி அப்படியே நின்றிருக்கும். 18-வது ஓவரை அவன் அந்தப் பையனிடம் கொடுத்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும், அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

என் சந்தாக் கணக்கு நோட்டு ஞாபகம் இருக்கா? சின்னப் பிள்ளையில் மடியில் உட்கார்ந்து பார்ப்பாயே. வந்த பணம் பேனாவில், வர வேண்டியது பென்சிலில். மாதக் கடைசியில் பென்சில் வரியை மட்டும் தேடித் தேடிப் பார்ப்பேன். நீயும் மாறக்கூடிய வரிக்கெல்லாம் கம்ப்யூட்டரில் மஞ்சள் அடித்து வை. ஆட்டம் திரும்பினால் மஞ்சளை மட்டும் தேடு. அனுப்பும் முன்னால் கீழிருந்து மேலே ஒரு தடவை படி. தலையை எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள், வால்தான் மாட்டிக்கொள்கிறது.

விளையாட்டுப் பகுதியே வேண்டாம், வேறு டெஸ்க் கேட்கப் போகிறேன் என்றாயே. கேட்காதே மக்கா. முடிவு உன்னுடையதுதான், ஆனால் என் ஆசை அது. அந்தக் கட்டுரையின் நாலாவது பத்தியில், கேட்சைத் தவறவிட்ட பையன் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டதை எழுதியிருந்தாய். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பொதிகை ரயிலில் வருகிறாய்தானே? வரும்போது, சரிசெய்து அச்சடித்த நேற்றைய சிட்டி எடிஷன் ஒன்று ஆபீஸில் கேட்டு எடுத்து வா. மடங்காமல் கொண்டு வா. நானும் நீயும் பிரானூருக்குப் போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வரலாம்.

அப்பா