மருந்து அடிக்கும் முன்: மேய்ச்சல் நிலக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மேய்ச்சல் நிலம் பராமரிக்கும் குழுவினருக்கு, வணக்கம்.

மாடு வாய் வைக்காத புல் பரவத் தொடங்கியதும் கூட்டத்தில் முதலில் எழுவது "எந்த மருந்து அடிக்கலாம்?" என்ற கேள்விதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் 2,4-டி புல்லை ஒன்றும் செய்யாது. எந்தப் பச்சைச் செடியையும் கொல்லும் கிளைபோசேட்டை நிலம் முழுக்க அடித்தால் நல்ல புல்லும் கருகும். வெறுந்தரையில் முந்திக்கொண்டு முளைப்பது களைதான். ஸ்போரோபோலஸ் பிரமிடாலிஸ் என்ற களைப்புல் ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு 85,000 விதை வரை உதிர்க்கும். அவை 10 ஆண்டுகள் வரைகூட மண்ணில் உயிரோடு கிடக்கும்.

எனவே ஓரங்களில், தூர்கள் தனித்தனியாக நிற்கும் இடத்தில் தொடங்குங்கள். கதிர் தள்ளும் முன் அடிக்கட்டைக்குக் கீழே கொத்தி வேரோடு எடுங்கள். கதிர் வந்துவிட்டதா? முதலில் அதை அறுத்துப் பையில் கட்டிவிட்டு, பிறகு தூருக்கு வாருங்கள். தர்ப்பை போல மண்ணுக்கடியில் தண்டு ஓட்டும் புல்லை மட்டும் கொத்திச் சிதறடிக்காதீர்கள். சிறு துண்டும் துளிர்க்கும்.

அடர்ந்த இடத்துக்கு, மருந்தில் நனைந்த திரியைக் களையின் மேல் தடவிக்கொண்டே போகும் கருவி ஏற்றது. முதலில் மாட்டை விடுங்கள். நல்ல புல் தாழும், களை நிமிர்ந்து நிற்கும். இந்த உயர வித்தியாசம்தான் முறையின் உயிர். குறைந்தது ஒரு சாண் இடைவெளி வேண்டும். லிட்டருக்கு 360 கிராம் கிளைபோசேட் உள்ள மருந்தென்றால் 1 பங்குக்கு 2 பங்கு தண்ணீர் என்பது வழக்கம். புட்டியின் சீட்டு வேறு சொன்னால் சீட்டின்படியே செய்யுங்கள். எதிரெதிர்த் திசையில் இருமுறை ஓட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் பட்டால் தூர் தேறிவிடும். திரி சொட்டினால் நல்ல புல் திட்டுத்திட்டாகச் சாகும். வறட்சியில் வாடிய செடி மருந்தை உள்ளே இழுக்காது. இதனாலும் செலவு வீணாகும், மருந்தின் தரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

தீ வைத்தால் காய்ந்த தழைதான் போகும், வேர்க்கட்டு மறுபடி துளிர்க்கும். அந்தத் துளிரைக் கவனிக்க ஆள் இல்லையென்றால் தீ வைக்கவே வேண்டாம்.

களை செத்த இடத்தில் தாமதிக்காமல் நல்ல புல் விதையுங்கள். மருந்துக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியாவது இதற்குப் போக வேண்டும் என்பது எங்கள் கருத்து. மாட்டை எப்போது விடலாம்? புல்லைக் கையால் சுண்டி இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து வேர் நின்றால் விடலாம், வேரோடு வந்தால் பொறுங்கள்.

புதிதாக வரும் மாடுகளை ஒரு வாரம் தனியே அடைத்து வையுங்கள், சாணத்தோடு விதை வெளியேறட்டும். அந்த இடத்தில் அடுத்த மழைக்குப் பிறகு என்ன முளைக்கிறது என்று பாருங்கள். கதிர் முற்றிய நிலத்தில் ஓடிய அறுப்பு இயந்திரத்தைத் துடைக்காமல் அடுத்த நிலத்துக்கு அனுப்பாதீர்கள். ஈரத்தில் ஸ்போரோபோலஸ் விதைகள் சக்கரத்தில் பசை போல ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
மேய்ச்சல் புல் வளர்ப்போர்