ஜப்பானியப் பண்பாட்டு மன்றத்தின் புதிய செயற்குழுவுக்கு: புதன்கிழமைகளை விட்டுவிடாதீர்கள்

அன்புள்ள செயற்குழு நண்பர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நம் பல்கலைக்கழகத்தின் ஜப்பானியப் பண்பாட்டு மன்றத்தில் நான் கடைசி ஆண்டு உறுப்பினன். இந்த ஆண்டு முதல் புதன்கிழமைச் சந்திப்புகள் கிடையாது, தேநீர்ப் பயிற்சி, கருத்தா என்ற பாட்டு அட்டை ஆட்டம், உரையாடல் மேசை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மொத்தப் பணத்தையும் இரண்டாம் பருவத்தில் மட்சுரி என்ற ஜப்பானியத் திருவிழா பாணியில் ஒரே ஒரு பெரிய விழாவில் போடப்போகிறோம் என்று நீங்கள் அனுப்பிய அறிவிப்பைப் படித்தேன். ஆங்கிலத்தில் நாலு வரி பதில் அனுப்பியாகிவிட்டது. ஆனால் முழுசாகச் சொல்ல எனக்குத் தமிழ்தான் தோது. குழுவில் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், மற்றவர்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வேறு பல்கலைக்கழகங்களில் இதே மாதிரி மன்றம் நடத்துகிற தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விழாவுக்கு வருகிறவர் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்து, தாக்கோயாக்கி உருண்டை சாப்பிட்டு, யுகாத்தா என்ற மெல்லிய கிமோனோ உடையில் படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போகிறார், நல்லது. அப்புறம்? பிடித்துப்போய் அடுத்த வாரம் தேடி வருகிறவருக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டாமா? அது புதன்கிழமை மாலைதான். அதை மூடிவிட்டால் மன்றம் என்பது வருடத்துக்கு ஒரு நாள் கடை போடும் குழுவாகிவிடும்.

கருத்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுஜிவாரா நோ தெய்க்கா 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த 100 பாடல்கள், 100 புலவர்கள், ஆளுக்கு ஒன்று. குறளின் முதலடியை ஒருவர் வாசிக்க, இரண்டாமடி எழுதிய அட்டையை மற்றவர்கள் பாய்ந்து எடுத்தால் எப்படி இருக்கும், அதுதான் ஆட்டம். இருவர் மோதும் போட்டி முறையில் தரையில் இருப்பவை 50 அட்டைகள், ஆளுக்கு 25. எது எங்கே இருக்கிறது என்று மனதில் பதித்துக்கொள்ள 15 நிமிடம் தருவார்கள். வாசிப்பவர் கையில் மட்டும் 100ம் இருக்கும், ஆகவே பாதிப் பாடல்களுக்கு எதிரே அட்டையே கிடையாது, அவசரப்பட்டு எதையாவது தொட்டுவிட்டால் தப்பாட்டம். 'மு' என்று தொடங்கும் பாடல் அந்த நூறில் ஒன்றே ஒன்று. வாசிப்பவர் வாயிலிருந்து அந்த ஓர் எழுத்து வந்ததுமே பழகிய கை அட்டையைத் தட்டிவிட்டிருக்கும், அட்டை சுவரோரம் போய் விழும். இப்படி ஓரெழுத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும் பாடல்கள் ஏழு இருக்கின்றன, புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அந்த ஏழு பாடல்களைத்தான் சொல்லிக்கொடுப்போம். எடுக்கும் அட்டையில் கான்ஜி என்ற சீன வழி எழுத்துகள் இல்லை, வெறும் ஹிராகனா என்ற எளிய ஒலி எழுத்துகள்தான். முதல் பருவம் ஜப்பானிய மொழி எடுத்தவர்கூட உட்கார்ந்துவிடலாம். அதுவும் தெரியாதா, படம் போட்ட அட்டைகளைக் கவிழ்த்து வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பும் போசு மெக்குரி இருக்கிறது. பிக்கு வந்தால் கையில் உள்ளதெல்லாம் போச்சு, இளவரசி வந்தால் கீழே கிடப்பதெல்லாம் நமக்கு. எழுத்தே தெரியாமல் வந்து இதை ஆடிவிட்டு அடுத்த பருவமே மொழி வகுப்பில் சேர்ந்தவர்கள் நம் மன்றத்தில் இருக்கிறார்கள்.

இதையே விழாவில் ஒரு கடையாகப் போட்டுவிடலாமே என்கிறீர்கள். ஒலிபெருக்கி அலறும் மண்டபத்தில் வாசிப்பவர் குரல் யாருக்குக் கேட்கும்? காதால் ஆடும் ஆட்டம் இது, அமைதியான அறை வேண்டும்.

தேநீர்ப் பயிற்சிக்குச் செலவு அதிகம் என்பது உங்களுடைய இன்னொரு காரணம். மட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளின் விலை ஏறியிருப்பது உண்மைதான், உலகமே அதை வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு கிண்ணத்துக்கு ஏறத்தாழ 2 கிராம் தூள்தான் போகிறது, 30 கிராம் டப்பாவில் 15 பேர் குடித்துவிடலாம். அதைவிட முக்கியம், கற்றுக்கொள்வதில் பெரும்பகுதிக்குத் தூளே தேவையில்லை. தத்தாமிப் பாயின் விளிம்பை மிதிக்காமல் நடப்பது, ஃபுகுசா துணியை மடிப்பது, பக்கத்தில் இருப்பவரிடம் உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன் என்று தலைகுனிந்து சொல்வது, கிண்ணத்தின் முகப்பில் வாய் படாதபடி அதைத் திருப்பிக் குடிப்பது, இதெல்லாம் வெறும் கையோடும் வெறும் கிண்ணத்தோடும் பழக வேண்டியவை. தேநீர்க் கலையின் பெரிய ஆசான் சென் நோ ரிக்யூ 16ஆம் நூற்றாண்டில் இரண்டு பாய் அறைக்குள் செய்து காட்டிய விஷயத்துக்கு நமக்கு மண்டபம் எதற்கு? பணம் இருந்தால் முதலில் தேநீரை நுரைக்க அடிக்கும் அந்த மூங்கில் சாசென்களை மாற்றுங்கள். நுனியெல்லாம் உடைந்துவிட்டன, அடிக்கும்போது ஒரு துணுக்கு கிண்ணத்தில் விழுந்தால் குடிக்கிறவர் வாய்க்குள்தான் போகும்.

விழா நடத்தவும் இந்தப் புதன்கிழமைகள்தான் வேண்டும், அதை நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. போன விழாவில் வாடகைக்குக் கொடுத்த யுகாத்தாக்கள் பலவற்றை வலப்பக்கம் மேலே வரும்படி கட்டிவிட்டிருந்தார்கள். ஜப்பானில் அப்படி உடுத்துவது இறந்தவருக்கு. இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். பாவம், பரிமாற்ற மாணவி ஒருவர் தன் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒவ்வொருவராகப் பிடித்து அவிழ்த்துத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு புதன்கிழமை பழகியிருந்தால் நம் ஆட்களே சரியாகக் கட்டிவிட்டிருப்பார்கள். போன் ஓதோரி என்ற வட்ட நடனமும் அப்படித்தான். சுரங்கத் தொழிலாளர் பாட்டுக்கு ஆடும் அந்த வட்டத்தில் மண்ணைத் தோண்டு, தோளுக்கு மேல் எறி, நிலாவைப் பார், வண்டியைத் தள்ளு, அவ்வளவுதான் அசைவு. பத்துப் பேர் தெரிந்து ஆடினால் வந்தவர்கள் எல்லோரும் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். பத்துப் பேருக்கும் தெரியாவிட்டால் பாட்டு மட்டும் ஓடும், ஆட்கள் ஓரமாக நின்று கைப்பேசியில் படம் எடுப்பார்கள்.

பரிமாற்ற மாணவர்கள் பற்றி ஒரு வார்த்தை. அவர்களை வரவேற்பில் நிற்க வைக்கவும் படத்துக்குச் சிரிக்க வைக்கவும் மட்டும் கூப்பிடாதீர்கள். உரையாடல் மேசையில் அரை மணி நேரம் ஜப்பானிய மொழி, அரை மணி நேரம் ஆங்கிலம் என்று வைத்திருந்தது அவர்களுக்கும் பயன்பட்டது. டிசம்பரில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு எழுதுகிற நம்மவர்களுக்கு அதைவிட நல்ல கேட்டல் பயிற்சி காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஆசைகளைத் தாளில் எழுதி மூங்கிலில் கட்டும் தனபாத்தா திருநாள் ஜூலை 7 அன்று வருகிறது, நமக்கு விடுமுறை என்பதால் விட்டுவிடுகிறோம். செண்டாய் நகரத்தில் அதையே ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட் 6 முதல் 8 வரைதான் கொண்டாடுகிறார்கள். நாமும் ஆகஸ்டுக்குத் தள்ளி, புதிய மாணவர்கள் வருகிற முதல் புதன்கிழமையே ஒரு மூங்கில் கிளையை நட்டு, ஆளுக்கொரு தாள் கொடுத்து ஆசையை எழுதிக் கட்டச் சொல்லலாம். காகிதச் செலவுதான்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். விழாவை பிப்ரவரி நடுவில் வைக்கப் பார்க்கிறீர்கள். 1942 பிப்ரவரி 15 அன்றுதான் இந்த ஊர் ஜப்பானியப் படையிடம் விழுந்தது. அந்த மூன்றரை ஆண்டுகளில் இங்கே சீனர்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டார்கள், மலாயாவிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளமானோர் திரும்பவே இல்லை. ஜப்பானியப் பண்பாட்டை நேசிக்கிற மன்றம் அந்த வாரத்தில் மேளம் அடிக்கக் கூடாது. ஒரு வாரமாவது தள்ளிப் போடுங்கள். அதற்குப் பதிலாக ஹௌகாங் பக்கம் உள்ள ஜப்பானியக் கல்லறைப் பூங்காவுக்குப் போகிற நடையை மறுபடி வையுங்கள். 1891இல் தொடங்கிய இடம் அது. விலைமாதர்களாக இங்கே கொண்டுவரப்பட்ட இளம்பெண்களின் சின்னஞ்சிறு கற்களும் இருக்கின்றன, போர்க்காலப் படைவீரர்களின் நினைவுக் கற்களும் இருக்கின்றன. ரஷ்யாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் 1909இல் வங்காள விரிகுடாவில் கப்பலிலேயே இறந்துபோன எழுத்தாளர் ஃபுதபாதெய் ஷிமெய்க்கும் அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. ஜப்பானுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவில் எது இனிப்பு, எது கசப்பு என்று ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

சரி, நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பாய் விரித்த அந்தச் சின்ன அறையைப் புதன்கிழமை மாலைக்கு இந்த வாரமே முன்பதிவு செய்துவிடுங்கள், தாமதித்தால் வேறு மன்றம் எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் தேநீர், மறுவாரம் கருத்தா, இடையில் உரையாடல் மேசை என்று மாற்றி மாற்றி வைத்தால் போதும். விழாப் பணத்தில் மேடை விளக்குக்கு ஒதுக்கியதைக் குறைத்தாலே இந்தச் செலவு அடங்கிவிடும். கருத்தா வாசிக்க ஆள் இல்லை என்றால் இந்த இரண்டு பருவமும் நானே வந்து வாசிக்கிறேன், கூடவே முதல் ஆண்டு மாணவர் ஒருவரை உட்கார வையுங்கள், நான் போனபிறகு வாசிக்க அவருக்குப் பழக்கிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மன்றத்தின் மூத்த உறுப்பினன்