ஓய்வூதியப் பொறுப்பை எண்ணிக் காட்டுங்கள்: நிதித்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நிதித்துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

வரவு செலவுத் திட்டத்தில் 2071 என்ற கணக்குத் தலைப்பைப் புரட்டினால் அந்த ஆண்டு ஓய்வூதியத்துக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும். இன்று பணியில் இருப்பவர்களுக்கும் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்களின் ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று அதில் தெரியாது. அந்த மொத்தத் தொகையை, அதாவது ஓய்வூதியப் பொறுப்பை, ஆக்சுவரிகளைக் (ஆயுளையும் வட்டியையும் வைத்து எதிர்காலச் செலவைக் கணக்கிடும் வல்லுநர்களைக்) கொண்டு மதிப்பிட்டு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். எங்கள் முதல் கோரிக்கை இதுதான்.

1-4-2003-க்கு முன் பணியில் சேர்ந்தவர்கள், ஊழியர் பங்கு இல்லாமல் முழுவதையும் அரசே கொடுக்கும் பழைய ஓய்வூதியத்தில் இருக்கிறார்கள். 2003 மார்ச்சில் 25 வயதில் சேர்ந்த ஒருவர் 2038-இல்தான் ஓய்வு பெறுவார். அதுவரை பழைய வரிசை நீண்டுகொண்டே போகும். அதே காலத்தில், பின்னால் சேர்ந்து, ஊழியரும் அரசும் பங்கு கட்டும் திட்டத்தில் இருப்பவர்களுக்காக அரசு தன் பங்கையும் மாதாமாதம் ஒதுக்கியாக வேண்டும். ஒரே கருவூலம் இரண்டு தலைமுறைக்கும் ஒருசேரக் கொடுக்கிறது. 2026 ஜனவரியில் அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 விழுக்காடு தருவதாகச் சொல்கிறது. ஊழியர் 10 விழுக்காடு கட்டுவார். குறைவதை அரசு ஈடுகட்டும். அந்தக் குறை எவ்வளவு என்பது ஆயுளைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் ஓய்வூதியம் 30,000, ஆண்டுக்கு 3.6 லட்சம். ஓய்வு நாளன்று உள்ள அகவிலைப்படியைச் சேர்க்கவில்லை. விலைவாசிக்கு ஏற்ப ஓய்வூதியம் உயர்கிறது, நிதிக்குக் கிடைக்கும் வட்டி அந்த உயர்வைவிட 2 விழுக்காடு கூடுதல் என்று வைத்துக்கொண்டால், 60-இல் ஓய்வு பெறுபவருக்கு 80 வயது வரை கொடுக்க ஓய்வு நாளில் சுமார் 59 லட்சம் கையில் இருக்க வேண்டும். அவர் 85 வரை வாழ்ந்தால் 70 லட்சம். ஐந்து ஆண்டு கூடுதல் ஆயுளுக்கு 11 லட்சம், அதுவும் ஒருவருக்கு. 80-ஐத் தொட்டதும் ஓய்வூதியம் 20 விழுக்காடு கூடும் என்பதையும், அவருக்குப் பின் துணைவருக்குப் போகும் குடும்ப ஓய்வூதியத்தையும் இதில் சேர்க்கவில்லை. நம் மக்கள் நீண்ட காலம் வாழ்வது நல்ல செய்தி. அதற்கான பணத்தை முன்கூட்டியே எடுத்து வைக்காததுதான் தவறு.

ஓய்வு வயது 2020-இல் 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமும் கொஞ்ச காலம் தள்ளிப்போயின. பிறகு அத்தனையும் வந்து நின்றன. இப்படி வயதை உயர்த்திக்கொண்டே போக முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, 2020 மாதிரிப் பதிவின்படி (பிறப்பு, இறப்பு விகிதங்களை மதிப்பிடும் மத்திய அரசின் ஆய்வு) ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. நாளை வரி கட்டப்போகும் கைகள் குறைகின்றன.

ஆகவே மதிப்பீட்டோடு, அடுத்த 20 ஆண்டுகளில் எந்த ஆண்டு எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்ற பட்டியலையும் துறைவாரியாக வெளியிடுங்கள். அரசு ஊழியர்களின் சம்பள, பணி விவரங்களை வைத்திருக்கும் களஞ்சியம் மென்பொருளில் எல்லோருடைய பிறந்த தேதியும் இருக்கிறது. எந்த வட்டி, எந்த அகவிலைப்படி உயர்வு, எந்த இறப்பு விகித அட்டவணை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; வட்டியை ஒரு விழுக்காடு கூட்டிப் போட்டாலே பொறுப்பு சிறியதாகத் தெரியும். ஊழியர் பங்கும் அரசின் பங்கும் அந்தந்த மாதமே தனி நிதிக்குப் போய்ச் சேரட்டும். அரசின் பொதுக் கணக்கிலேயே வைத்து ஏட்டில் வட்டியை வரவு வைத்தால் மட்டும் பணம் சேராது.

இன்னொன்று, சிறியதுதான். ஓய்வூதியர் இறந்த தகவல் கருவூலத்துக்குத் தாமதமாக வரும்போது இடைப்பட்ட மாதங்களின் தொகை வங்கிக்கணக்கில் ஏறிவிடுகிறது. பிறகு அது மனைவியின் குடும்ப ஓய்வூதியத்தில் பிடித்தமாகிறது. துக்கம் ஆறாத வீட்டில் அந்த அம்மாவுக்கு மாதம் சில ஆயிரம் குறைகிறது. இறப்புப் பதிவேட்டைக் கருவூலக் கணக்கோடு நேரடியாக இணைத்துவிட்டால் இந்தப் பிடித்தமே தேவைப்படாது.

இப்படிக்கு,
ஓய்வூதியக் கணக்குப் பணியில் பழகியோர்